ஏப்ரல் மாதத்து ஸ்ட்ராட்ஃபோர்டு

இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சந்தை ஊர் இருக்கிறது. வாரச்சந்தை கூட்டும் உரிமையை 1196இலேயே அரசரிடம் பெற்ற ஊர். இன்றும் அங்கே சுமார் 30,000 பேர்தான் வசிக்கிறார்கள். வில்லியம் ஷேக்ஸ்பியர் பிறந்ததும் இறந்ததும் இங்கேதான். அவரோடும் அவர் குடும்பத்தாரோடும் தொடர்புள்ள வீடுகள் இப்போது அருங்காட்சியகங்கள். இந்த ஊருக்குத் திருவிழா மாதம் ஏப்ரல்.

ஏப்ரலைத் தேர்ந்ததற்குக் காரணம், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. 1564 ஏப்ரல் 26 அன்று குழந்தை ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்கிறது அது. பிறந்த தேதி எங்கும் எழுதப்படவில்லை. 1616இல் அவர் இறந்த நாள் ஏப்ரல் 23. இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாளும் அதுவே. ஆகவே பிறந்த நாளையும் 23 என்றே வைத்துக் கொண்டாடுவது மரபாகிவிட்டது.

இந்த அருங்காட்சியகங்களுக்கு உள்ள பெரிய சிக்கல், காட்டுவதற்குப் பொருள் இல்லாததுதான். ஷேக்ஸ்பியர் தம் கையால் எழுதிய முழு நாடகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நாற்காலி, மேசை, புத்தகம் என்று அவர் புழங்கியதாக உறுதியாகச் சொல்லத்தக்கது ஏதுமில்லை. 1810இல் தேவாலயத்தின் அருகே, அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த தங்க முத்திரை மோதிரம் ஒன்று கிடைத்தது. அது அவருடையதாக இருக்கலாம், மெய்ப்பிக்க வழியில்லை. நிச்சயமாக அவரோடு தொடர்புள்ளது என்று சொல்லக்கூடியது ஒரு கடிதம். அவருக்கு எழுதப்பட்டவற்றில் எஞ்சியிருக்கும் ஒரே கடிதமும் அதுதான். ரிச்சர்ட் குவினி என்ற உள்ளூர்க்காரர் லண்டனில் தங்கியிருந்தபோது, 1598 அக்டோபரில், 30 பவுண்டு கடன் கேட்டு எழுதியது. தாளை மடித்து, மேற்புறம் ஷேக்ஸ்பியரின் பெயரையும் எழுதிவிட்டார். ஆனால் அது கிடைத்தது குவினியின் சொந்தக் காகிதங்களுக்கிடையில். அனுப்பவே இல்லை போலும். பிற்காலத்தில் அந்தக் குவினியின் மகனே ஷேக்ஸ்பியரின் இளைய மகளை மணந்தார். நாடக மேதையைப் பற்றி ஒரு சொல்கூட அந்தக் கடிதத்தில் கிடையாது. கைமாற்றுக் கேட்கத்தக்க, வசதியுள்ள ஊர்க்காரராகத்தான் அதில் அவர் தெரிகிறார். அவரைப் பக்கத்து வீட்டு மனிதராக நினைத்துப் பார்க்க இதைவிட நல்ல சான்று இல்லை.

ஹென்லி தெருவிலுள்ள பிறந்த வீடு, மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பிக் கட்டிய நீண்ட வீடு. தந்தை ஜான் கையுறை தைப்பவர். வீட்டின் ஒரு பகுதியிலேயே அவருடைய பட்டறையும் இருந்தது. தெருவில் குப்பை குவித்ததற்காக 1552இல் அவருக்கு அபராதம் போட்ட குறிப்பு இன்றும் இருக்கிறது. பின்னாளில் வீட்டின் ஒரு பக்கம் சாராயக் கடையும் மறுபக்கம் கசாப்புக் கடையும் நடந்தன. 1847இல் வீடு ஏலத்துக்கு வந்தது. அமெரிக்கக் காட்சி வணிகர் பார்னம் அதைப் பெயர்த்துக் கப்பலேற்றப் போகிறார் என்ற பேச்சு பரவவே, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 3,000 பவுண்டுக்கு வீடு மீட்கப்பட்டது. வீட்டுக்கு நிரந்தரக் காப்பாளர் வேண்டும் என்பதற்காக மறு ஆண்டே சார்லஸ் டிக்கன்ஸ் நாடகம் போட்டு நிதி சேர்த்தார். இன்று இந்த வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது.

ஷேக்ஸ்பியர் பிறந்ததாகச் சொல்லப்படும் மாடியறையின் பழைய சன்னல் கண்ணாடி தனியே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பல தலைமுறைப் பார்வையாளர்கள் அதில் பெயரைக் கீறியிருக்கிறார்கள். வால்டர் ஸ்காட், தாமஸ் கார்லைல் போன்ற எழுத்தாளர்களின் பெயர்களும் அந்தக் கீறல்களுக்குள் உண்டு. நினைவிடத்தில் பெயர் கிறுக்குவது தவறுதான். ஆனாலும் அந்தக் கண்ணாடியே இன்று ஓர் ஆவணம்.

ஷேக்ஸ்பியர் 1597இல் வாங்கிக் கடைசி நாட்களைக் கழித்த ‘நியூ பிளேஸ்’ வீடு மிஞ்சவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அதை வாங்கிய கேஸ்ட்ரெல் என்ற பாதிரியாருக்கு, ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை மரத்தைப் பார்க்க வருகிறவர்களால் ஓயாத தொல்லை. மரத்தை வெட்டிவிட்டார். ஊரார் அவர் வீட்டுச் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தார்கள். பிறகு வரித் தகராறில் 1759இல் வீட்டையே இடித்துவிட்டு ஊரை விட்டுப் போனார். அந்த இடத்தில் போலியாக ஒரு வீட்டைக் கட்டாமல், 2016இல் தோட்டமாகத் திறந்தது நேர்மையான முடிவு. மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த வீடு ஷாட்டரியிலும், மருமகன் மருத்துவர் ஜான் ஹாலின் வீடு ஊருக்குள்ளும், தாய் மேரி ஆர்டனின் பண்ணை வில்ம்கோட்டிலும் இருக்கின்றன. ஆர்டன் வீடு என்று பல்லாண்டுகள் காட்டப்பட்டது உண்மையில் பக்கத்து வீட்டுக்காரருடையது என்பது 2000இல் தெரியவந்தது. நல்ல வேளையாக, உண்மையான வீடும் அறக்கட்டளையின் கையிலேயே இருந்தது.

பொருள் குறைந்த இடத்தைக் குரல் நிரப்புகிறது. பிறந்த வீட்டின் தோட்டத்தில் நடிகர்கள் சிலர் காத்திருப்பார்கள். பார்வையாளர் ஒரு நாடகத்தின் பெயரைச் சொன்னால் போதும். மேடையோ திரையோ இல்லாமல், அந்தப் புல்தரையிலேயே ஒரு காட்சியை நடித்துக் காட்டுவார்கள். ஈஸ்டர் விடுமுறையும் பெரும்பாலும் இம்மாதத்தை ஒட்டியே வருவதால் குடும்பங்கள் திரளாக வருகின்றன. 23ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியில் பிறந்தநாள் ஊர்வலம். ஷேக்ஸ்பியர் படித்த பள்ளியின் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள், வெளிநாட்டு விருந்தினர்கள் எல்லாரும் நடக்கிறார்கள்; பேண்டு வாத்தியம் முழங்க, தெருக்களில் கொடிகள் விரிக்கப்படுகின்றன. பலர் சட்டையில் ரோஸ்மேரிக் கொழுந்தைச் செருகிக்கொள்கிறார்கள். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஒபீலியா அதை நினைவின் அடையாளமாகக் கொடுப்பதால் வந்த பழக்கம். ஊர்வலம் தேவாலயத்தில் முடிகிறது. கல்லறை மலர்களால் மூடப்படுகிறது. சுவரிலுள்ள அவருடைய மார்பளவுச் சிலை கையில் நிஜமான இறகுப் பேனாவைப் பிடித்திருக்கும். ஆண்டுதோறும் இந்நாளில் அதற்குப் புதிய இறகு வைக்கப்படுகிறது.

தொடக்கத்தில் விழா ஏப்ரலில் நடக்கவில்லை. 1769இல் நடிகர் டேவிட் கேரிக் முதன்முதலாக மூன்று நாள் பெருவிழா எடுத்தது செப்டம்பரில். மழை கொட்டியது, ஆறு பெருகியது, ஊர்வலம் நின்றுபோனது. அந்த மூன்று நாட்களிலும் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகம்கூட நடிக்கப்படவில்லை. 1824இல் உள்ளூர்க்காரர்கள் ஷேக்ஸ்பியர் சங்கம் அமைத்த பிறகுதான் ஏப்ரல் விழா வேரூன்றியது. ஊரிலுள்ள ஷேக்ஸ்பியர் நினைவு நாடக அரங்கமும் 1879இல் ஏப்ரல் 23 அன்றே திறக்கப்பட்டது. 1926இல் அது தீப்பிடித்து எரிய, அடுத்த அரங்கத்தை 1932இல் அதே தேதியில் திறந்தார்கள்.

பிறந்த வீட்டுத் தோட்டத்தில் ரவீந்திரநாத் தாகூரின் சிலை நிற்கிறது. 1916இல், 300ஆம் நினைவாண்டுக்காக வெளியிடப்பட்ட மலரில் தாகூரின் கவிதை இடம்பெற்றது. அதே மலருக்குக் கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் கட்டுரை எழுதினார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ என்றும் ‘மாக்பெத்’தை ‘மகபதி’ என்றும் ஆக்கி மேடையேற்றினார். தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் கதைகள் புதியவையல்ல.

ஏப்ரலில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகிறவர்கள் சில வீடுகள் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கலாம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. மனத்துக்குப் பிடித்த காட்சி ஒன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு போகட்டும். தோட்டத்து நடிகர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.