அரங்கத்தின் வாயிலில் சிற்றூர்ப் பிள்ளை
(திருச்சிராப்பள்ளியில் ஆற்றப்பெற்ற உரை)



சிற்றூரில் மாரிக்கும் ஐயனார்க்கும் விளக்கேற்றும் கை யாருடையது? குயவர் கை, பண்டாரத்தார் கை, பல ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் கை. பாட்டன் நீராட்டிய திருமேனியைப் பேரனும் நீராட்டுகின்றான், தடுப்பாரில்லை. அக்குடிப் பிள்ளையே முறையாகக் கற்றுப் பெருங்கோயிற் பணிபுரிய நகர்க்கு வந்தாலோ, கல்வியைக் கேளாமல் பிறப்பைக் கேட்கின்றனர்!

பூசகர் பணியில் வழிவழியுரிமையை ஒழிக்கும் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டது. 1972-இல் உச்ச முறைமன்றம் அவ்வொழிப்பை ஏற்றது. எனினும், ஆகமம் குறிக்கும் பிரிவினரே திருமேனியைத் தீண்டலாம் என்னும் தடையை நிற்கவிட்டது. முன்வாயில் திறந்தது, உள்வாயில் அடைத்தே கிடந்தது.

2006-இல் அரசாணை பிறந்தது. மறு ஆண்டில் திருவரங்கம் உள்ளிட்ட ஆறிடங்களிற் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின்கீழ்க் கற்றனர். 200-க்கு மேற்பட்டோர் தேறினர். தேறியவர்க்கு வேலை? வழக்கு நடந்தது, 2015 இறுதியில்தான் தீர்ப்பு வந்தது. முதல் பணியமர்த்தம் 2018-இல்! பத்தாண்டு ஓர் இளைஞன் எதை உண்டு காத்திருப்பான்? பயிற்சிக்கு அனுப்பிய ஏழைத் தாய்க்கு யார் விடை சொல்வது?

2021-இல் பயிற்சி பெற்ற 24 பேர் அமர்த்தப்பெற்றனர். அவருள் இருவர் நம் வயலூர் முருகன் கோயிலுக்கு வந்தனர். 2023-இல் உயர் முறைமன்ற மதுரைக் கிளை அவ்விருவர் அமர்த்தத்தையும் நீக்கியது. அவர்கள் கல்வியிற் குறையில்லை. ஆகமங் கூறும் பிரிவினர் அல்லர் என்பதே குறை! முருகன் வள்ளியை மணந்தபோது எந்த ஆகமத்தைப் புரட்டிப் பார்த்தானோ?

அதே 2023-இல் திருவரங்கப் பள்ளியிற் பயின்ற சிற்றூர்ப் பெண்கள் மூவர் சான்று பெற்றனர். பெற்றோர் பெருமையொடு நின்றனர். அம்மூவர்க்கும் நிலையான கருவறைப் பணி வழங்குவதே அரசின் கடன்.

திருவரங்கத்துக்கு இது புதுவழக்கன்று. உறையூர்ப் பாணர் காவிரித் தென்கரையிலேயே நின்று பாடினார் என்றும், உலோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொணர்ந்தார் என்றும் மாலியரே போற்றுகின்றனர். அப்பாணர் ஆழ்வாராகித் தொழப்படுகின்றார். திருவுலாவில் இறைவனுக்கு முன்னே தமிழ் செல்கின்றது. வடமொழி மறை பின்னே வருகின்றது. முன்னே செல்லும் அத்தமிழை ஓதிக் கற்ற தமிழ்ப்பிள்ளை மட்டும் ஏன் வெளியே நிற்றல் வேண்டும்? இன்று உறையூர்க்கும் அரங்கத்திற்கும் இடையே பாலமுண்டு, பேருந்துமுண்டு. தோளிற் சுமக்க எவரும் வேண்டா. வழியை மறியாதிருந்தாற் போதும்.