தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் புதிதாய் வந்த பிள்ளைகளும்

(குன்னூரில் பேசியது)



இன்று சிறு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அதாவது ஒன்றாவது முதல் ஐந்தாவது வரையிலுள்ள வகுப்புகளில் நடக்கும் காரியங்களைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஆடுவதையும் பாடுவதையும் பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மனிதன் தன்னை மேல் என்றும் கீழ் என்றும் எண்ணப் பழகுவதும், ஒரு சங்கதியை ஏன் என்று கேட்கப் பழகுவதும், கேட்காமல் வாய் பொத்திக்கொள்ளப் பழகுவதும் அந்த வயதில்தான். பிறகு நாம் மேடை போட்டுத் தொண்டை வறளக் கத்துவதெல்லாம் அந்த வயதில் படிந்ததைச் சுரண்டுவதற்கே சரியாய்ப் போய்விடுகிறது.

முதலில் இந்த மலையின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1858 ல் இங்கே லாரன்ஸ் பள்ளிக்கூடம் உண்டாயிற்று. இன்று லவ்டேலில் இருப்பது அதுதான். யாருக்காக ஏற்பட்டது? வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும், தகப்பனை இழந்த அவர்களது அனாதைக் குழந்தைகளுக்கும். அதை நாம் குற்றமென்று சொல்லவில்லை. தன் ஆள்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே மலையில் காட்டை வெட்டி, காப்பியும் தேயிலையும் நட்டு, குளிரிலும் மழையிலும் செத்த கூலிகளின் பிள்ளைகளுக்கு? தோட்டத்து முதலாளி அவர்களுக்குக் கல்வி வசதி செய்யவேண்டுமென்று விதி செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 ல் வந்தது. நடுவில் 93 வருஷம்! அதுவும் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் என்று ஒரு கணக்கு. 24 பிள்ளைகள் இருந்தால் அந்த 24 பேரும் என்ன பாவம் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1953 ல், ராஜாஜியின் மந்திரிசபை கிராமப் பள்ளிக்கூடங்களில் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. அது நின்றிருந்தால் கொழுந்து பறிக்கிறவள் மகள் காலையில் மூன்று மணி நேரம் எழுத்தும், மத்தியானம் கூடையும் என்று ஆகியிருக்கும். நாடெங்கும் கிளர்ச்சி நடந்து 1954 ல் காமராசர் அதை எடுத்தெறிந்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. இப்போது வகுப்புக்குள் போவோம்.

குன்னூர்ப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்தில் நாம் சில நாள் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் பிள்ளைகள் ஸ்வெட்டரும் காது மூடிய குல்லாயுமாக வருகிறார்கள். தாய் பொழுது விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். அடுப்பு மூட்டி ஆக்கிப்போட நேரமேது? ஆகையால் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் சமவெளியில் பெற்ற மதிப்பைப் போல் இரண்டு பங்கு மதிப்பை இந்தக் குளிரில் பெறுகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக ஒரு தட்டு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்கிறார்கள். சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் 1920 ல் பகலுணவு போட்டது தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த நகரசபை. அன்று முதல் சமமாக உட்கார்ந்து தின்பதே ஒரு பாடமாக இருந்து வருகிறது. அந்தப் பாடத்தில் தவறிப்போகிறவர்கள் பிள்ளைகளல்ல, பெற்றோர்கள். 2023 ல் கரூர் மாவட்டத்தில் சமைக்கிற அம்மாள் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகள் அங்கே சாப்பிடக்கூடாதென்று தடுத்தார்கள். கலெக்டர் நேரில் போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. வயிற்றுக்குச் சாதி தெரியாது, அதற்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர் தேவைப்படுகிறார்!

சாப்பிட்ட பிறகு படிப்பு. இப்போது நடப்பது 2022 ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ முறை. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்து எழுத்தை மறந்துபோன பிள்ளைகளுக்காக வந்தது. பிள்ளைகளை அவர்களுக்குத் தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாவது படிக்கிறவனும் எழுத்து தெரியாவிட்டால் அரும்பில் உட்காருவான். நேற்று அரும்பு, நாளைக்கு மொட்டு. பிறந்தபோதே ஒருவனை ஒரு படியில் உட்கார வைத்து, சாகும்வரை எழுந்திருக்காதே என்று சொன்ன நாட்டில் இந்தச் சின்ன ஏற்பாடு எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு, கதை, பொம்மையாட்டம், அட்டை விளையாட்டு எல்லாம் உண்டு. (ஒவ்வொன்றையும் கைப்பேசியில் பதிந்து அனுப்புவதிலேயே பாதிப் பொழுது போகிறதென்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். அந்தக் குறையில் நியாயமிருக்கிறது.)

ஒருநாள் சன்னலுக்கு வெளியே எதிரிலிருப்பது தெரியாதபடி மூடுபனி. ஆசிரியை இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஒரு பையன் எழுந்து, மலைச்சாமி மூச்சு விடுகிறது என்று பாட்டி சொன்னாள் என்றான். அந்த அம்மாள் அவனைத் திட்டவுமில்லை, பாட்டியைக் கேலி செய்யவுமில்லை. சன்னல் கண்ணாடியில் ஊது என்றார். ஊதினான், கண்ணாடி வெளுத்தது. ஒரு தம்ளர் சுடுநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், இன்னும் வெளுத்தது. ஈரமான காற்று குளிர்ந்தால் துளியாகிறது என்று பிள்ளைகளே சொல்லும்வரை விட்டுவிட்டார். கடைசியில் அந்தப் பையன் கேட்டான்: “அப்படியானால் நானும் சாமியா, டீச்சர்?” நாம் இருபது வருஷம் மேடையில் பேசியும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

இன்னொரு நாள் நாலாவது வகுப்பில் கணக்கு. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்குச் சுமார் ஒரு கிலோ தேயிலைத் தூள் என்று சொல்லுவார்கள். அம்மா 36 கிலோ பறித்தாள், தூள் எவ்வளவு? பிள்ளைகள் பின்னக் கணக்குப் போடவில்லை. ஒன்பது கிலோவுக்கு இரண்டு, முப்பத்தாறில் நாலு ஒன்பது, ஆகவே எட்டு என்று விரலை மடக்கிச் சொன்னார்கள். அப்போது ஒரு பெண் குழந்தை, அந்த எட்டுக் கிலோவுக்குக் கடையில் என்ன விலை, அதில் அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டது. ஆசிரியை சிரித்து, அது பெரிய வகுப்புக் கணக்கு என்றார். தோழர்களே! நமது நாட்டில் அந்தக் கணக்கு எந்தப் பெரிய வகுப்பிலும் வரக் காணோம். வியாபாரி எத்தனைக்கு வாங்கி எத்தனைக்கு விற்றான், லாபம் என்ன என்ற கணக்கே புத்தகமெல்லாம் நிறைந்திருக்கிறது.

பாஷை விஷயமும் ஒன்று உண்டு. உதகையில் பனைமரம் வளராது. ஆனாலும் பிள்ளை ‘ப’ என்றால் பனை என்று படிக்கவேண்டியிருக்கிறது. அதாவது போகட்டும். வீட்டில் படகு பேசும் பிள்ளை, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளை, இவர்களெல்லாம் முதல்நாள் வந்து உட்காரும்போது வாத்தியார் பேசுவது பாதி புரிவதில்லை. புரியாமல் விழிக்கிற பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுவது வெகு சுலபம். கூடலூரில் வித்யோதயா என்ற பள்ளியில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு ஆதிவாசி ஆசிரியர்களையே பழக்கி, அவர்களது சொந்தக் கதையையும் பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மந்தம் பிள்ளையிடம் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இப்போது இந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் யார்? நம்மவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதில்லை. மூத்தது இளையதை இடுப்பில் வைத்துக்கொண்டு லைன் வாசலில் நிற்கிறது. 2024 சனவரியில் பந்தலூர்ப் பக்கம் அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதுவும் அப்படி வந்த ஒரு குடும்பத்துக் குழந்தைதான்.

இவர்களைப் பற்றி நம் தோழர்கள் சிலரே, “இந்திக்காரன் பிள்ளை எக்கேடு கெட்டால் நமக்கென்ன” என்று சொல்லக் கேட்டோம். நமக்கு வெட்கமாயிருந்தது. இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, ஆறு வயதுக் குழந்தையை எதிர்ப்பது வேறு. 1964 ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் 1968 ல் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஏற்பட்டது. வந்த புதிதில் உங்கள் பிள்ளைகளைச் சிலோன்காரப் பிள்ளை என்று ஒதுக்கினார்களா இல்லையா? அந்தச் சொல் எப்படிச் சுட்டதென்று உங்களுக்குத் தெரியும். அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்றால் குலக்கல்வி என்று கொதித்தோம். இன்று ஜார்க்கண்டுக்காரன் மகள் எட்டு வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்று, பதினாலு வயதில் கூடையைத் தூக்கினால் அதற்கு என்ன பெயர்? ராஜாஜி மூன்று மணி நேரமாவது படிக்கச் சொன்னார். நாம் அதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடும் நிலையில் பள்ளிக்கூடங்கள் இந்த மலையில் பல இருக்கின்றன. பக்கத்து லைனிலோ பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள்!

நாம் பார்த்த பள்ளிக்கூடத்தில் அப்படி இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். மூன்றே மாதத்தில் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்து, தமிழில் சண்டை போடவும் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

பள்ளிக்கூடம் சூன் மாதம் திறக்கும். அதற்குள் உங்களில் இரண்டிரண்டு பேராக ஒவ்வொரு லைனுக்கும் போய்ப் பிள்ளைகளை எண்ணி வாருங்கள். இந்தி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவதில் நமக்கு மானம் ஒன்றும் போய்விடாது. பிறந்த சான்று இல்லை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்று இல்லை என்று யாராவது சொன்னால், 2009 ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அதற்காகச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையாயிருந்தால் அந்த வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கவேண்டுமென்றும் அதே சட்டம் சொல்லுகிறது. இடுப்பிலிருக்கும் தம்பியை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்யாமல் அக்காளை மட்டும் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள், ஆகையால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். வீட்டில் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.