கிராமப் பள்ளிக்கூடத்தைக் காப்பது எம் கடன்

(உயிலங்குளத்தில் கூடிய பெற்றோர், கமக்காரர், ஆசிரியர் முன்னிலையில் ஆற்றப்பெற்ற உரை)



மாணவர் தொகை குறைந்த பள்ளிக்கூடங்களை அயலிலுள்ள பெரிய பள்ளிக்கூடங்களோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகின்றது. செலவுக் கணக்கைப் பார்ப்போர்க்கு அது நியாயமாகத் தோன்றலாம். கட்டுக்கரைக் குளத்தின் கீழும் அதற்கப்பாலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் வாழும் நாம், அதனை நம் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

இந்நாட்டின் இலவசக் கல்வி எளிதில் கிடைத்த பேறன்று. கன்னங்கரா அவர்கள் தலைமை வகித்த விசேட குழு 1943ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடநூல்கள் 1980இலும் சீருடை 1993இலும் இலவசமாயின. ஏர் பிடித்தவன் மகன் வைத்தியனாகவும், வலை இழுத்தவன் மகள் ஆசிரியையாகவும் உயர்ந்தது இந்த ஏற்பாட்டினாலேயாம். இதனை நன்றியுடன் நினைவுகூர்வோம்.

ஆயின், சட்டம் எங்கே நிற்கின்றது? எல்லார்க்கும் எல்லா மட்டங்களிலும் கல்வி பெறச் சமவாய்ப்பு உறுதி செய்யப்படும் என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வாறு கூறிய வாக்கை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகின்றது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய கடமையைப் பெற்றார் மீது சட்டம் சுமத்தியுள்ளது. 5 வயது முதல் 14 வயது வரை என்றிருந்த கட்டாயம் 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. அனுப்பாத பெற்றார் குற்றவாளி; ஆசிரியரை அனுப்பாத அரசோ கேள்விக்கு அப்பாற்பட்டது! இந்த ஏற்றத்தாழ்வே நம் வழக்கின் மூலம்.

நாட்டில் ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் உள. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை அவற்றுள் பத்திலொரு பங்களவே. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென நூற்றுக்கு ஐந்து வீதம் ஒதுக்கும் முறையில் மன்னாரும் இடம்பெற்றது. அந்த ஒதுக்கீடு மேல்வாசலைத் திறக்கின்றது, உண்மைதான். ஆறாந் தரம் முதல் கணித ஆசிரியரின் முகத்தையே காணாத பிள்ளை அவ்வாசலை எவ்வாறு அடையும்?

நம் பள்ளிக்கூடங்களில் மாணவர் தொகை ஏன் குறைந்தது? 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் இம்மாவட்டத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்திற்குப் பின்னர் இவ்வுயிலங்குளமே இரு ஆட்சிகளுக்கிடையே சோதனைச் சாவடியாய் நின்றது. 2007 முதல் 2009 வரை மாந்தை மேற்கிலும் முசலியிலும் ஊர் ஊராக மக்கள் பெயர்ந்தனர். மீண்டவர்கள் வெறுங்கையுடன் மீண்டனர், மீளாதோரும் பலர். வசதியுள்ளோர் பிள்ளைகளை நகரத்திற்கு அனுப்பினர். எஞ்சியவை ஏழையின் பிள்ளைகள். போரும் வறுமையும் குறைத்த எண்ணிக்கையைக் காட்டி, அதே பிள்ளைகளுக்குத் தண்டனை விதிப்பது நீதியாகுமா?

பள்ளிக்கூடம் நான்கு மைல் தள்ளிப் போனால் முதலில் யார் நின்றுவிடுவார் என்பதை எண்ணிப் பாருங்கள். நடக்கவியலாத பிள்ளை நின்றுவிடும். மாரிகாலத்தில் வெள்ளம் மேவிய பாதையால் தனியே அனுப்ப அஞ்சும் தாயின் பெண்பிள்ளை நின்றுவிடும். அன்றாடக் கூலிக்காரன் பிள்ளை நின்றுவிடும். உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை நம் அரசு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அனுமதியை எவரும் மறுக்கவில்லை, தூரமே மறுத்தது என்று பின்னர் வாதிடுவது சட்டத்தை ஏய்ப்பதாகும்.

ஓராசிரியர் ஐந்து வகுப்புகளை மேய்க்கும் பள்ளிக்கூடத்தில் தரமான கல்வி எங்ஙனம் கிடைக்கும் என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே, அதனை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. எந்த இணைப்பும் கூடாதென்பது நம் கட்சியன்று. ஐந்தாந் தரம் வரையேனும் பிள்ளை தன் ஊரிலேயே படிக்கட்டும். மேல்வகுப்புகளை இணைப்பதாயின் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே பள்ளிக் கதவு மூடப்படட்டும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக ஆசிரியரை நியமித்து, அவர் தங்க வீடும் கொடுக்கட்டும். பல வகுப்புகளை ஒருங்கே கற்பிக்கும் முறையில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கட்டும்.

கடல் கடந்த தமிழகத்தைப் பாருங்கள். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையுடன், பிள்ளை இருக்கும் ஊருக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டு சென்றார், பகலுணவும் தந்தார். அன்று அந்த மாநிலமும் செல்வம் கொழித்ததன்று. நம் நாடோ பல ஆண்டுகளாக மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு வீதமளவையே கல்விக்குச் செலவிட்டு வந்துள்ளது. குறைந்தது பணம் மட்டுமா, மனமுந்தானா?

நாம் செய்யத்தக்கது யாது? அருவியாற்று நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை வந்தடைகின்றது. நீர் குறைந்த சிறுபோகத்தில், எவ்வளவு விதைப்பது, எவர்க்கு எவ்வளவு நீர் என்று கூட்டங்கூடித் தீர்மானிக்கின்றோம். வாய்க்காலின் கடைசி வயல்காரனுக்கும் அங்கே குரல் உண்டு. அதே ஒழுங்குடன் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலும் கூடுவோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், கடமையில் இருப்போர் எத்தனை பேர், இடமாற்றம் பெற்றோர்க்குப் பதிலாள் எப்போது என்று வலயக் கல்விப் பணிமனையைக் கேளுங்கள். காரணங் கூறவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுள் தகவல் அலுவலர் தீர்மானம் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சட்டத்தரணிகளாகிய நாம் கூலி கேளாது முன்வருவோம். உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தம் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குக் கொடுப்பாராக.

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் மக்கள் தெரிந்த சபையின்றி ஆண்டுகள் கழிந்தன. ஆதலால் நம் பள்ளிக்கூடத்திற்காகப் பேசும் பொறுப்பு நம்மீதே விழுந்துள்ளது. கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர் என்ற வேற்றுமை இதிற் கிடையாது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளி செல்லாத பிள்ளை யார், ஏன் செல்லவில்லை என்று பெயர்ப்பட்டியல் ஒன்றை இந்தக் காலபோக அறுவடைக்கு முன்னர் எடுத்து முடிப்போம். அந்தப் பட்டியலே நம் முதலாவது மனு.