பச்சையுடம்பின் ஆறு கிழமை

(காரைக்கால் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிள்ளை பெற்றவளைப் 'பச்சையுடம்புக்காரி' என்கிறோம். புண் ஆறாதவள், காக்கப்பட வேண்டியவள் என்னும் பொருள் அச்சொல்லிலேயே உண்டு. சொல்லைக் காத்த நாம் பொருளைக் காத்தோமா? என் தமக்கை தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். பெற்ற ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. "பச்சையுடம்புச் சூடு, தானே தணியும்" என்றிருந்தோம். பன்னிரண்டாம் நாள் அவளை இழந்தோம். குற்றம் எங்கள் அறியாமையினுடையது.

அவ்வறியாமையைப் போக்க உலகம் நாட்கணக்கு வகுத்துள்ளது. உலக நலவாழ்வு அமைப்பின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை இது: பேற்றுக்குப்பின் 24 மணி நேரமேனும் மருத்துவமனைக் காப்பு, பின்னர் 48 முதல் 72 மணிக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் கிழமையில் ஒருமுறை தாயையும் சேயையும் ஆய்ந்து பார்த்தல். என் தமக்கையின் ஒன்பதாம் நாள் இக்கணக்குக்குள் அடங்குவதை எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

பன்னாட்டு நெறி ஏட்டோடு நின்றுவிடுவதன்று. 1981-இல் பால்மாவு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறைக்கு உலக நலவாழ்வுப் பேரவையில் 118 நாடுகள் இசைந்தன. அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது. அதன்வழி 1992-இல் இந்தியாவில் சட்டம் பிறந்தது. பால்மாவு, பாற்புட்டி விளம்பரங்கள் தடுக்கப்பட்டன. ஆனால் சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டுச் சருக்கரைநீர் புகட்டும் வழக்கத்தை நாமே அன்றோ ஒழிக்க வேண்டும்?

ஓய்வுக்கும் நெறியுண்டு. பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை 14 கிழமை விடுப்பைக் கோருகிறது. அதில் ஆறு கிழமை பேற்றுக்குப்பின் கட்டாயம். இந்தியா அதற்கு ஏற்புறுதி தரவில்லை. 2017-இல் சட்டத்தைத் திருத்தி 26 கிழமை ஆக்கினர். பதிவேட்டில் பெயருள்ளவளுக்கு அது கிட்டும். திருநள்ளாற்று வயலில் நடவு நடுபவளுக்கும், கிளிஞ்சல்மேட்டில் மீன்கூடை சுமப்பவளுக்கும்? தமிழ்நாட்டரசு 1987-இல் முத்துலட்சுமி அம்மையார் பெயரில் ஏழைத் தாயர்க்கு உதவித்தொகை தொடங்கியது, போற்றுகிறோம். எனினும் உதவித்தொகை வேறு, கூலியோடு கூடிய ஓய்வு வேறு.

காரைக்காலை முப்புறமும் தமிழ்நாடு சூழ்ந்துள்ளது. இங்கே ஈன்றவள் சில நாளில் நாகைக்கோ மயிலாடுதுறைக்கோ திரும்புகிறாள். ஆட்சி மாறுகிறது, காய்ச்சல் எல்லை அறியாது. ஆகவே, அம்மூன்று ஆய்வு நாள்களையும் நல்ல தமிழில் எழுதிய தாள் ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்கட்டும்; ஈரரசுகளின் செவிலியரும் அதனை ஏற்கட்டும்; நாட்கூலித் தாய்க்கு ஆறு கிழமைக் கூலி வீடு வரட்டும்.

அரசு செய்யுமுன் நாம் செய்யக்கூடியதும் உண்டு. தாய்க்குக் காய்ச்சலோ மிகுந்த குருதிப்போக்கோ கண்டால், சேய் பால்குடிக்க மறுத்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். நாங்கள் காத்திருந்தோம்.