உறங்கவொட்டாத கால்களும் மின்சார சிகிச்சையும்
(நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



விளக்கணைத்துப் படுத்த பின்னர் எழுந்து கூடத்தில் உலாவும் மூதாட்டியரை நம் இல்லங்களிற் கண்டிருக்கின்றோம். காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கிறதென்றும், நடந்தால் தணிந்து, படுத்தால் மீள்கிறதென்றும் அவர்கள் முறையிடுவர். நாமோ அதனை மனப்பிரமையென்று தள்ளிவிடுகிறோம். அது பெரும் பிழை. இந்நோயை 1672-ல் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதி வைத்தார். 1945-ல் ஸ்வீடன் தேசத்து எக்பம் விரிவாக ஆராய்ந்தார்.

மூளையில் இரும்புச் சத்துக் குறைவதும், டோபமின் என்னும் இரசாயனத்தின் செயல் மாறுபடுவதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. டோபமினைப் போல் வேலை செய்யும் மருந்துகள் முதலில் நற்பயன் தருகின்றன. ஆயினும் நாளடைவில் பலருக்கு உபாதை மாலையிலேயே தொடங்கிக் கைகளுக்கும் பரவுகின்றது. இதுபற்றியே ஆராய்ச்சியாளர் மின்சாரத்தையும் நாடலாயினர்.

மண்டையோட்டைத் திறவாமலே காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறையை 1985-ல் ஷெபீல்டு நகரில் பார்க்கர் முதலியோர் காட்டினர். அம்முறையும், முதுகின் தோல்மீது மெல்லிய மின்சாரம் செலுத்தித் தண்டுவடத்தைத் தூண்டும் முறையும் இந்நோயாளர் சிலரிடம் பரீக்ஷிக்கப்பட்டன. பலன் நம்பிக்கையூட்டுவதே, எனினும் பரீக்ஷிக்கப்பட்டோர் சிலர், காலமும் குறுகியது. மேலும், இந்நோயில் வெறும் நம்பிக்கையாலேயே சுகம் காண்போர் மிகுதி. ஆகவே மின்சாரம் ஓடாத போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தன்றி எதனையும் மெய்யெனக் கொள்ளலாகாது. பார்க்கின்ஸன் நோய்க்காக மூளைக்குள் கம்பி பதிக்கப்பெற்றவர்களுள் சிலருக்கு இவ்வுபாதை தணிந்தது; சிலருக்கோ புதிதாய்த் தோன்றிற்று. முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தூண்டும் கருவியொன்றே இவற்றினும் முன்னேறி, 2023-ல் அமெரிக்க அரசாங்கத்தாரின் அனுமதி பெற்றது.

நம்மவருள் ஒரு குடும்பத்தார், விளம்பரம் கண்டு மயங்கி, நகையை அடகு வைத்து ஏதோவொரு மின்சாரக் கருவி வாங்கினர். பயன் சிறிதுமில்லை. பிறகு இரத்தத்தைச் சோதித்தபோதே இரும்புச் சத்து மிகக் குறைந்திருந்தமை தெரிந்தது. தக்க சிகிச்சைக்குப்பின் அவ்வம்மையார் இன்று உறங்குகிறார். சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காரியம்!

ஆதலின் அன்பர்களே! இவ்வுபாதையுடையோரை ஏளனம் செய்யாதீர்கள். முதலில் வைத்தியரிடம் சென்று பெரிட்டின் அளவைச் சோதிப்பியுங்கள். அது மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் குறைவோ ஆயின், இரும்புச் சத்து கொடுப்பதைப்பற்றி அவரையே கேளுங்கள். உண்டுவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்த வேண்டாம். ஆராய்ச்சி வளர்க, அது முற்றுமுன் நம் பொருளும் நம்பிக்கையும் பாழாகாதிருப்பதாக!