கடைசிக் குழந்தையும் வந்து சேரும்வரை

(நம் பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் பள்ளிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி என்பது நன்றி கூறும் காலம். எழுப்பிய ஆலயத்திற்காகவும், நம்மை வழிநடத்திய குருக்களுக்காகவும் இந்த மேடையிலே பலர் நன்றி கூறினார்கள். பள்ளியைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தபோது, தேர்ச்சி விழுக்காட்டையும் வாங்கிய கேடயங்களையும் சொல்லி அமர்ந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். பிறகு, நம் பள்ளி பூட்டிக் கிடந்த நாட்களையும், அது மறுபடி திறந்த நாட்களையும் பற்றிப் பேசுவதே நேர்மை என்று தோன்றிற்று. யூபிலி என்பது மனச்சான்றைச் சோதித்துப் பார்க்கும் காலமும் அல்லவா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நம்மில் யாரும் மறக்க முடியாது. கொரோனாக் கொள்ளைநோய் பரவ, பள்ளிகள் மூடப்பட்டன. 24ஆம் நாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு. 27ஆம் நாள் மாலையிலே, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் மழையில் நனைந்த வெறும் பேதுரு சதுக்கத்தில் தன்னந்தனியாக நின்று உலகிற்கு ஆசீர் வழங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு அழுதோம். ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே கண்டோம். கோவில் மணி அடிக்கவில்லை. பள்ளி மணியும் அடிக்கவில்லை.

அன்று மூடியது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. என்ன நோய், எப்படிப் பரவும் என்று தெரியாத நேரத்தில் குழந்தையை வீட்டிலே வைத்துக்கொள்வதே அறிவு. ஆனால் மூடுவது ஒரு நாள் வேலை. திறப்பதோ நீண்ட வேலை. அதை எப்படிச் செய்தோம் என்பதுதான் கேள்வி.

நம் மாநிலத்தில் பள்ளிகள் திறந்த வரிசையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 19ஆம் நாள் 10, 12ஆம் வகுப்புகள். பிப்ரவரி 8ஆம் நாள் 9, 11ஆம் வகுப்புகள். பின்பு இரண்டாம் அலை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. செப்டம்பர் 1ஆம் நாள் மீண்டும் 9 முதல் 12 வரை. சின்னஞ்சிறு பிள்ளைகள் படிக்கும் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்ததோ நவம்பர் 1ஆம் நாள்தான். 2022 ஜனவரியில் மறுபடியும் அடைத்து, பிப்ரவரி 1ஆம் நாள் திறந்தார்கள். ஆக, 2020ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையிலே முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது இரண்டாம் வகுப்பு மாணவன்!

பெரிய பிள்ளைகள் முதலில், சிறிய பிள்ளைகள் கடைசியில்: இது தேர்வின் கணக்கு. நோயின் கணக்கு வேறாக இருந்தது. டென்மார்க் நாடு 2020 ஏப்ரல் 15ஆம் நாளே பள்ளியைத் திறந்தபோது, சிறுவர்களைத்தான் முதலில் அழைத்தது. சிறுசிறு குழுக்களாகப் பிரித்து, கூடியமட்டும் வெளியிலே வைத்துப் பாடம் நடத்தினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவரும், இந்த நோயைச் சிறுவர்களின் உடல் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறது, ஆகவே தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்ற கருத்தை 2021 ஜூலையில் வெளியிட்டார். ஆசிரியரும் மற்ற ஊழியரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அரசைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நாமும் அதே கணக்கைத்தானே போட்டோம்? பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மார்க்குக்காகத் துடித்த நாம், அ, ஆ எழுதக் காத்திருந்த குழந்தைக்காகக் குரல் கொடுத்தோமா? அந்தக் குழந்தைக்குப் பொதுத்தேர்வு இல்லை. ஆகவே அவசரமும் இல்லை என்று இருந்துவிட்டோம்.

அடுத்து, பாதுகாப்பு என்று நாம் எதைச் செய்தோம் என்று பார்ப்போம். செப்டம்பர் மாதத்திலே வாசலில் மேசை போட்டு, வெப்பமானி வைத்து, கைகழுவும் மருந்து வைத்து, பெஞ்சுகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, தரையிலே வட்டம் போட்டு, பெரும் முனைப்போடு நின்றோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் பழைய ஓட்டுக் கட்டடத்தின் மேற்கு ஜன்னல்கள் பல ஆண்டுகளாக அடைத்தே கிடந்தன. உடைந்த பெஞ்சுகளை அவற்றின் மேல் அடுக்கி வைத்திருந்தோம். எங்கள் குழுவிலே இருந்த கொத்தனார் அண்ணன்தான் அதைப் பார்த்துவிட்டு, “காத்து போற வழியை அடைச்சிட்டு வாசல்ல நின்னு என்னத்தைத் தேடுறோம்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதே சரி. தொட்ட பொருளைக் காட்டிலும், அடைபட்ட அறையின் காற்றே இந்நோய்க்குப் பெரிய வாகனம் என்பது நாளாவட்டத்தில் தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் 2021இல், காற்றோட்டமில்லாத, கூட்டமான அறைகளில் காற்று வழியே நோய் பரவும் என்பதைத் தன் விளக்கத்திலே எழுதிற்று. முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். காசநோய் வாட்டிய காலத்தில், 1908ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நலிந்த குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கி, உறைபனிக் காலத்திலும் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தினார்கள். நம் பள்ளியைக் கட்டியவர்களும் உயர்ந்த கூரையும் அகன்ற ஜன்னல்களும் வைத்தே கட்டினார்கள். அவர்கள் திறந்து வைத்ததை அடைத்தவர்கள் நாம்.

அன்று மாலையே உடைந்த பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டோம். துருப்பிடித்த கொக்கிகளைத் தட்டி, ஜன்னல்களைத் திறந்தோம். ஓர் அறையில் 20 பேருக்கு மேல் கூடாது என்பது அரசின் விதி. நவம்பரில் சிறுவர்கள் வந்தபோது, அறை போதாத வகுப்பை வேப்பமரத்தடிக்கும் தாழ்வாரத்துக்கும் கொண்டுபோனோம். முகக்கவசம் கழற்றப்படும் ஒரே நேரம் சாப்பாட்டு நேரம் என்பதால், சத்துணவைத் தாழ்வாரத்திலே, பந்தி பந்தியாக, இடம் விட்டு உட்கார வைத்துப் பரிமாறினோம். அன்று 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நம் நாட்டிலே தடுப்பூசி போடப்படவில்லை. 15 வயது நிறைந்தவர்களுக்கே 2022 ஜனவரி 3ஆம் நாள்தான் தொடங்கிற்று. ஆகவே சுற்றியிருக்கும் பெரியவர்களே வேலியாக நிற்க வேண்டும் என்று சொல்லி, ஆசிரியர் முதல் சத்துணவு ஆயா வரை எல்லோரையும் ஊசி போட்டுக்கொள்ளச் செய்தோம்.

பள்ளி திறந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆனால் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. சில பெயர்களுக்கு எதிரே நாள்தோறும் ‘வரவில்லை’ என்றே விழுந்தது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி எத்தனை ஞாயிறு கேட்டிருப்போம்? அந்த உவமை பதிவேட்டு வடிவிலே எங்கள் முன் வந்து நின்றது.

வீடு வீடாகச் சென்றோம். இரண்டாம் அலையிலே தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பையன், சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய தாயிடம் பேசினோம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் அரிசி கொடுக்க முன்வந்தார்கள், பையன் திரும்பினான். இன்னொரு வீட்டிலே மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன். அதுவும் தகப்பன் வேலைக்குப் போகையில் அவரோடே போய்விடும். அந்தப் பிள்ளைகள் பாடத்தையே மறந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிறுமி ஏன் வரவில்லை என்று கேட்டால், தாயும் பதில் சொல்லவில்லை, பிள்ளையும் சொல்லவில்லை. பிறகு, கொடியில் தொங்கிய சீருடையைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். இரண்டு வருடத்திலே பிள்ளை வளர்ந்துவிட்டாள், பாவாடை வளரவில்லை. மறுநாளே தலைமையாசிரியை அவர்கள், அந்த ஆண்டு முடியும்வரை எந்த உடையிலும் வரலாம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் ஒருத்தியை எங்களால் அழைத்து வர முடியவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவளை வெளியூரிலே வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரிலேயே போயிருந்தால் பிடித்திருக்கலாம். நாங்கள் வாசலில் வெப்பமானி பிடித்துக்கொண்டிருந்தோம். இந்தக் குறையை இந்த யூபிலி நாளிலே இறைவன் முன்னும் உங்கள் முன்னும் அறிக்கையிடுகிறோம்.

திரும்பி வந்த பிள்ளைகளும் விட்ட இடத்தில் இருக்கவில்லை. நாடு முழுவதும் நாட்டுப்புறப் பகுதிகளில் எடுக்கப்பட்ட ‘அசர்’ ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018இல் 100க்கு 27.3 பேர், 2022இல் 20.5 பேர். அந்தப் பள்ளத்தை நிரப்பவே 2021 அக்டோபர் 27ஆம் நாள், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில், ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. நம் தெருக்களிலும் மாலை நேரத்திலே திண்ணையிலும் சிற்றாலய முற்றத்திலும் நம் பெண்பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தீர்கள். 1576ஆம் ஆண்டு மிலான் நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, பேராயரான புனித சார்லஸ் பொரோமியோ என்ன செய்தார்? மக்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாததால், தெருக்களிலும் சதுக்கங்களிலும் பீடங்களை நிறுவி, அவரவர் ஜன்னலில் இருந்தபடியே திருப்பலி காணச் செய்தார். மக்கள் பீடத்திடம் வர முடியாதபோது, பீடம் மக்களிடம் சென்றது. பள்ளிக்கும் அதுவே வழி.

அன்பர்களே, இத்தகைய நோய் இனி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இந்த யூபிலி நினைவாக நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, நம் பள்ளியின் ஒவ்வொரு ஜன்னலும் ஆண்டு முழுவதும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். புதிதாகக் கட்டும் அறையும் அப்படியே அமையட்டும். இரண்டாவது, மூட நேர்ந்தால், திறக்கும்போது சிறியவர்களையும் ஏழைகளையும் முதலில் நினைப்போம். மருத்துவர் சொல்வதைக் கேட்டு, அரசிடமும் அவர்களுக்காகப் பேசுவோம். மூன்றாவது, மூடிய வாரத்திலேயே தெருவுக்கு ஒரு திண்ணை, திண்ணைக்கு ஓர் ஆசிரியர் என்று ஏற்பாடு செய்வோம். நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் உணவும் புத்தகமுமாவது வீட்டு வாசலுக்குப் போகட்டும். நான்காவது, மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது ஒருவர் செல்வோம். இந்த நான்காவது தீர்மானத்திற்குக் கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

வாசற்கதவைத் திறந்ததும் பள்ளி திறந்துவிட்டது என்று எண்ணினோம். பதிவேட்டிலுள்ள கடைசிக் குழந்தையும் வந்து தன் இடத்தில் உட்காரும்போதுதான் பள்ளி திறக்கிறது என்பதை இன்று அறிந்திருக்கிறோம். அந்த ஒருத்தியின் பெயரை நாங்கள் மறக்கவில்லை. அவளுக்காக இன்றும் செபிக்கிறோம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர், அவர்கள் வரும் வழியை அடைக்காதிருக்கும் அறிவை நமக்கும், நமக்குப் பின் இப்பள்ளியை நடத்தப் போகிறவர்களுக்கும் தந்தருள்வாராக!