கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்
(திருகோணமலையில் நடந்த தொழிற்சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தோட்டங்களிலிருந்து வந்த நாங்களும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் கிழக்குக்கு வந்து இன்று துறைமுகத்தைச் சுற்றி வேலை செய்யும் எங்கள் உறவுகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். இன்று நான் சம்பளம் பற்றிப் பேசப்போவதில்லை. பிள்ளையைப் பாடசாலையை விட்டு அனுப்புவது பற்றிப் பேசப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன், நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் தரம் 9 மாணவர்கள் இருவர் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு நெற்றியில் காயம். மறுநாள் மற்றவனின் தாய் ஒரு நாள் பேரை இழந்து வந்து நின்றார். "பொலிசுக்குப் போகாமல் முடிப்போம். விடுகைப் பத்திரம் கேட்டு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். பையனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தாய் கையெழுத்துப் போட்டார். பெற்றோர் கேட்டதால் விலகினான் என்று பதிவேட்டில் ஏறியது. அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். நானும் அந்த அறையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்று பேசுகிறேன்.

எங்கள் பாட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. அது இல்லாமல் வேறு தோட்டம் ஆளை எடுக்காது. 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அவப்பெயரோடு கொடுக்கும் விடுகைப் பத்திரம் பிள்ளைக்கு இன்னொரு துண்டுதான்.

தோட்டத்தில் ஒருவரை வேலை நிறுத்தினால் நாம் என்ன கேட்கிறோம்? குற்றச்சாட்டுக் கடிதம் எங்கே? விசாரணை எப்போது? தலைவர் கூட வரலாமா? பெரியவருக்குக் கேட்பதைப் பிள்ளைக்கு ஏன் கேட்பதில்லை?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016 வரை அது 14 வயதாக இருந்தது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும் என்கிறது அது.

குளியாப்பிட்டியில் நடந்ததை நினையுங்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்ற வதந்தியால் ஒரு சின்னப் பையனுக்குப் பாடசாலைக் கதவு மூடப்பட்டது. பரிசோதனையில் இல்லை என்று வந்தும் திறக்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது.

"அவன் தவறு செய்யவில்லை, எங்கள் பிள்ளை அடித்தானே" என்பீர்கள். அடிபட்ட பிள்ளையின் தாய்க்கும் நியாயம் வேண்டும். ஆசிரியருக்கும் அமைதியான வகுப்பு வேண்டும். தவறு செய்தால் திருத்தட்டும். ஆனால் விசாரிக்காமல் வெளியே அனுப்புவது திருத்தம் ஆகாது.

ஆகவே, அழைப்பு வந்தால் தனியே போகாதீர்கள். தலைவரையோ படித்த உறவினரையோ கூட்டிப் போங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விடுகைப் பத்திரத்தை நீங்களாகக் கேட்டு எழுதாதீர்கள். முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி அதிபரிடம் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும், அதற்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் போங்கள். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு. பிள்ளைக்கு அடி விழுந்தால் 1929க்கு அழையுங்கள்.

நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் இந்தத் திருகோணமலையிலேயே இருக்கிறது.

அன்று அந்தத் தாய் பக்கத்தில் யாரும் இல்லை. இனி ஒரு தாயும் அப்படித் தனியே நிற்கக் கூடாது. அழைப்புக் கடிதம் வந்த அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். நாங்கள் கூட வருகிறோம்.